தனிமையான முகங்கள் தேவை

அட்லஸ் என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் அவளுக்குப் படர்ந்திருந்த வெள்ளைத் திட்டுகளைக் காட்டி, "இந்தக் கன்னத்துல ஒரு கண்டம், அந்தக் கன்னத்துல ரெண்டு தீவு" என்று பூகோள வாத்தியார் ஒருநாள் தமாஷ் பண்ணப்போக, வகுப்பு மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டது. வாத்தியார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பெயர் ஓய்வு பெறவில்லை. பிறகு அவளே அதை எடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்தவர்கள் குத்துவதற்கு முன்னால் நாமே குத்திக்கொண்டால் அவர்களுக்கு வேலை மிச்சம் என்பது அவளுடைய எண்ணம்.

வேலைக்குச் சேர்ந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலில் அவள் முன்னால்தான் நின்றாள். ஒரு மாதம் ஆவதற்குள் முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வர்றவங்க உன்னையே பார்க்குறாங்கம்மா. ஃபிரேமைப் பார்க்க மாட்டேங்குறாங்க. உள்ள மெஷின்ல உட்கார்ந்து பழகிக்கோ."

"நீங்க சொல்றதும் சரிதான் சார். கண்ணாடி வாங்குற வரைக்கும் நான் அவங்களுக்குச் சரியாத் தெரியமாட்டேன். வாங்கிப் போட்டதும் முதல்ல என் மூஞ்சிதான் தெரியும். வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?"

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முதலாளி ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை இன்னொரு முறை துடைத்தார். அன்றிலிருந்து அவளுக்குப் பின்னறை. வில்லையின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்துக்குப் பொருத்துகிற இயந்திரம், அதிலிருந்து ஓயாமல் சொட்டும் தண்ணீர், பிளாஸ்டிக் வாளியில் சேரும் வெள்ளைச் சேறு, முதுகு சாய இடமில்லாத ஒரு ஸ்டூல். சுவரில் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு சந்து. உடைந்தவை அதன் வழியாக உள்ளே வரும், சரியானவை வெளியே போகும். பேச ஆளில்லாத அந்த அறையில்தான் அவளுக்கு நாக்கு நீண்டது.

ஒருநாள் மத்தியானம் அந்தச் சந்தில் ஒரு முகம் தெரிந்தது. தன் கண்ணாடியின் மேல் தானே உட்கார்ந்துவிட்ட உதவி இயக்குநர் ஒருவன். வளைந்த சட்டத்தை நீட்டியவன், அவளைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்ள மறந்துபோனான்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க முகம் எங்க படத்துக்கு வேணும்."

"என்ன படம்?"

"ரத்தக்காட்டேரி படம். ஆனா சும்மா பயமுறுத்துற படம் இல்ல. யாருக்குமே வேண்டாம்னு ஒதுக்கப்பட்ட மூணு இளைஞர்கள் ரத்தக்காட்டேரியா மாறுறாங்க. தனிமைதான் அந்த ரத்தப் பசி. அப்படின்னு எங்க டைரக்டர் சொல்றாரு."

"அவரு என்னைப் பார்த்ததே இல்லையே."

"தனிமையான முகங்கள் தேவைன்னு ஊரெல்லாம் ஒட்டியிருக்கோம். வந்ததெல்லாம் நடிக்க ஆசைப்படுற அழகான பசங்க. யார் முகத்துலயும் தனிமை வரல."

அவள் அவனுடைய கண்ணாடியை நிமிர்த்தி, திருகை முடுக்கி, சந்து வழியே தள்ளினாள். "போட்டுட்டு ஒரு தடவை பாருங்க. அப்பவும் நான்தான் வேணும்னா சொல்லுங்க."

அவன் போட்டுக்கொண்டான். அவள் காதைப் பார்த்தபடி, வேணும் என்றான்.

அப்பா அம்மா போனபிறகு அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். இரண்டு அறை வீடு. ஒன்று அண்ணன் அண்ணிக்கு, ஒன்று குழந்தைகளுக்கு. அவளுக்கு நடையில் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய். இரவில் அந்தப் பெட்டி விட்டுவிட்டு உறுமும். அந்த வீட்டில் அவளோடு ஒழுங்காகப் பேச்சுக் கொடுத்தது அது ஒன்றுதான். படத்தைப் பற்றி அவள் சொன்னபோது அண்ணி நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பேய் வேஷமா? போயேன். மேக்கப் செலவு அவங்களுக்கு மிச்சம்."

அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். அது அவனுடைய சம்மதம். அவள் போவதென்று முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான். நடிப்பில் ஆசை என்று சொன்னால் பொய். இவ்வளவு அபத்தமான ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

இயக்குநர் தலையிலிருந்து கால்வரை கறுப்பில் இருந்தார். கட்டடம் கட்டி விற்கும் பெரிய குடும்பத்துப் பிள்ளை. படம் எடுக்கிற இடமே அப்பா இடித்துத் தள்ள வாங்கிப் போட்டிருந்த பழைய விடுதிதான். "எனக்கும் தனிமைதாங்க வாழ்க்கை" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் வந்து, "அம்மா சாப்பிட்டீங்களான்னு கேட்கச் சொன்னாங்க" என்று கேட்டுவிட்டுப் போனான்.

தேர்வுக்கு வந்த மற்ற இருவரும் நடைபாதை பெஞ்சில் அவளுடன் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எந்தக் கதவு நிலையிலும் குனிந்தே நுழைகிற உயரம். மீன் வைக்கும் குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். மேல் அடுக்குக்கு ஏணி வாங்கும் செலவு அவனால் கிடங்குக்கு மிச்சம். எல்லாருக்கும் அவன் நெட்டை. இன்னொருவன் திக்கித் திக்கிப் பேசுகிறவன். பார்சல்களைத் தரம் பிரிக்கும் கூடத்தில் நாள் முழுக்க யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோ என்று சின்ன வயசில் யாரோ சொன்னது, ரேடியோ என்று நின்றுவிட்டது.

ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, காமிரா முன்னால் உட்காரவைத்து, இயக்குநர் கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது அழுதீர்கள், யார் உங்களைத் தொட மறுத்தார்கள், அப்போது எப்படி இருந்தது. அட்லஸ் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள். பாலம் ஒன்றின் மேல் மழையில் நனைந்தபடி தன்னை விட்டுப் போன காதலன் ஒருவனைப் பற்றிச் சொன்னாள். அந்தக் காதலனும் கிடையாது, பாலமும் கிடையாது. இயக்குநரின் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"வெளியே பெஞ்சுல இருக்கிற ரெண்டு பேர்ல யாரோட உங்களால இருக்க முடியாது? ஏன்?"

"அந்தத் திக்குவாயோடதான். அவன் ஒரு வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாணமாகி, பேரன் பேத்தி பொறந்து, அதுங்களுக்கும் கல்யாணமாயிடும்."

காமிராக்காரர் சிரித்தார். அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

படப்பிடிப்பு முழுவதும் பகலில்தான் நடந்தது. இரவுப் படப்பிடிப்பு என்றால் விளக்குக்காரர்கள் இரட்டைச் சம்பளம் கேட்டார்களாம். ஆகவே ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, உச்சி வெயிலில் நள்ளிரவை வரவழைத்தார்கள். உள்ளே காற்றில்லை. சூரியனைக் கண்டால் எரிந்து சாம்பலாகும் ரத்தக்காட்டேரிகள் மூன்றும் காலர் நனைய வியர்த்துக்கொண்டு நின்றன. எந்த முகத்துக்காக அவளைத் தேடிப் பிடித்தார்களோ அந்த முகத்தில் ஒப்பனைக்காரர் தினமும் காலையில் வெள்ளை மாவு அப்பினார்.

"திட்டு திட்டா இருந்தா லைட் சரியா விழலைன்னு காமிராமேன் சொல்றாரு. ஒரே வெள்ளையா ஆக்கிடறேன்" என்றார். "உங்களுக்கும் அதுதானே ஆசை இருக்கும்?"

"ஆமா. செத்தப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டு வெச்சிருந்தேன்" என்றாள் அவள்.

இயக்குநர் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. பழகிவிட்டால் கண்ணில் இருக்கும் வெறுமை போய்விடுமாம். சாப்பாட்டை மூன்று வெவ்வேறு அறைகளுக்கு அனுப்பினார்கள். அவளுக்குக் கிடைத்த அறையில் கால் உடைந்த கட்டில்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. அடுத்த அறையில் நெட்டை மெல்லும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. குளிர்சாதனப் பெட்டிக்கு இது தேவலை என்று நினைத்துக்கொண்டாள்.

பற்கள் வந்த நாளில்தான் சட்டம் உடைந்தது. மேல்வரிசையில் மாட்டுகிற கோரைப்பற்கள். அளவு எடுக்காமல் மொத்தமாக வாங்கியவை. மாட்டினால் நாக்குக்கு இடமிருக்காது. படிக்கட்டில் மூவரும் வரிசையாக நின்று, "எங்களையும் ஒருவர் அழைத்தார், அது இரவு" என்று ஒரே குரலில் சொல்லவேண்டிய காட்சி. நெட்டை, "எந்தலையும் ஒலுவல்" என்றான். அட்லஸுக்கு "அழைத்தார்" என்ற சொல் எச்சிலாக வந்து அவள் மோவாயில் வழிந்தது. விளக்கைச் சரிசெய்ய எல்லோரும் மேலே போனபோது ரேடியோ தன் பல்லைக் கழற்றிவிட்டு மெதுவாகத் திரும்பினான்.

"இ… இப்பதான் நீங்க ரெ… ரெண்டு பேரும் எ… என்னை மாதிரி பே… பேசுறீங்க."

நெட்டை முதலில் சிரித்தான். உயரத்துக்கு ஏற்ற சிரிப்பு. அது படிக்கட்டுச் சுவரில் மோதி நாலு மாடியும் ஏறி இறங்கியது. அட்லஸ் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் இருந்திருந்தால் சிரிப்பு நின்றிருக்கும்.

இயக்குநர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட முகம்.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க? நான் உங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுகூட முடியலையா? தனியா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அன்று பிற்பகல் எடுத்த காட்சிகள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. சோகமாகப் பாருங்கள் என்றால் நெட்டைக்கு உதடு துடித்தது. ரேடியோவின் கண்ணைப் பார்த்தால் அட்லஸுக்கு அடக்க முடியவில்லை. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். அம்மாவிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது, எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் அமைதியாக இருந்தார். மூவரையும் விடுதியின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நீள மேசையில் உட்காரவைத்தார். காமிரா அவர்கள் முகத்துக்கு நேராக. மேசைமேல் தண்ணீர் ஊற்றிய டம்ளர்கள். "வசனம் இல்ல. நடிக்க வேண்டாம். ஒரு விஷயம் காட்டுறேன், பாருங்க, போதும்" என்றார். எதிரே ஒரு திரையை வைத்து, தேர்வு நாளில் எடுத்த நேர்காணல்களை ஓடவிட்டார்.

முதலில் ரேடியோ வந்தான். யாரோடு இருக்க முடியாது என்ற கேள்விக்கு வெகுநேரம் போராடி, நெட்டையைத்தான் சொன்னான். "அ… அவ்வளவு உ… உயரத்துக்கு ரத்தம் ஏ… ஏறாது. மூளை கா… காஞ்சிருக்கும்."

அடுத்தது நெட்டை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அந்தப் பொண்ணோடதான். அவ தொட்ட டம்ளர்ல என்னால தண்ணி குடிக்க முடியாது. ஒட்டிக்கும்னு பயமா இருக்கு."

அப்புறம் அவள். திரையில் அவள் முகம் ஜம்மென்று, தன் சாமர்த்தியத்தில் தானே குளிர்காய்ந்துகொண்டு இருந்தது. பேரன் பேத்தி வரைக்கும் வந்து, காமிராக்காரர் சிரித்த சிரிப்போடு முடிந்தது.

அட்லஸுக்கு வெள்ளை மாவுக்கு அடியில் முகம் கொதித்தது. டம்ளர் பேச்சு அவளுக்குப் புதிதல்ல; வாழ்நாள் முழுக்கக் கேட்டதுதான். தான் பேசியதுதான் உறுத்தியது. அதைச் சொன்னபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதைத் திரை அப்படியே காட்டியிருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் வேறு முகங்களில் பார்த்திருக்கிறாள்.

"அப்படியே இருங்க" என்று இருட்டிலிருந்து இயக்குநரின் குரல் கிசுகிசுத்தது. "இதுதான். இதுதான் வேணும்."

ரேடியோ அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. வழக்கமாக இந்த இடத்தில் யாராவது அவனுக்காக வாக்கியத்தை முடித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவள் திரும்பவில்லை. காத்திருந்தாள்.

"அ… அதுக்கு மு… முதல்ல… மா… மாப்பிள்ளை கி… கிடைக்கணுமே."

அவளுக்கு அது சுளீரென்று பட்டது. சரியான இடத்தில்தான் அடித்திருந்தான். "அதுவும் நியாயம்தான்" என்றாள்.

நெட்டை திடீரென்று எழுந்தான். மேசைமேல் அவள் முன்னால் இருந்த டம்ளரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, விஷம் குடிப்பவன் மாதிரி ஒரே மூச்சில் குடித்து முடித்தான். காலி டம்ளரைக் கவிழ்த்தும் காட்டினான்.

"அதை நான் தொடவே இல்ல" என்றாள் அட்லஸ். "காலையில இருந்து லைட்மேன் வாய் கொப்பளிச்சுக்கிட்டு இருந்தது அது."

நெட்டையின் முகம் போன போக்கைப் பார்த்து ரேடியோ மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். விளக்குக்காரர் மேலே ஏணியில் நின்றபடி சிரித்தார். இயக்குநர் கட் கட் என்று கத்தினார். யார் காதிலும் அது விழவில்லை.

"நீங்க மூணு பேரும் நாளையில இருந்து வர வேண்டாம்" என்றார் அவர். "உங்க மேல எவ்வளவு நம்பிக்கை வெச்சிருந்தேன். கடைசியில நீங்களும் சாதாரண ஆளுங்கதான்."

"இதை முதல்லயே எங்க அண்ணிகிட்ட சொல்லியிருக்கலாம். நம்பியிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

வேஷத்தைக் கலைக்கவும் அவர்கள் நிற்கவில்லை. வெள்ளை முகமும் கறுப்பு அங்கியுமாக, கொளுத்தும் வெயிலில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைகள் தாமாகவே காலியாயின. அது மூவருக்கும் பழக்கமான விஷயம்தான். இதுவரை அந்தக் காலி இருக்கைகளில் உட்கார அவர்களுக்குத்தான் ஆள் இருந்ததில்லை. கண்டக்டர் தூரத்தில் நின்றபடியே எங்கே போகணும் என்றான். "சுடுகாடு இருந்தா மூணு. இல்லாட்டி மார்க்கெட்" என்றாள் அட்லஸ்.

சில வாரம் கழித்து உதவி இயக்குநர் மறுபடி கடைக்கு வந்தான். இந்த முறை கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்குப் பதிலாக நல்ல லட்சணமான நடிகர்களைப் போட்டுவிட்டார்களாம். ஆனால் கதைக்குத் திட்டு வேண்டுமாம். சந்து வழியே கைபேசியை நீட்டினான்.

"உங்க முகத்தை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். அந்தப் பொண்ணுக்கு அதே மாதிரி வரையணும்."

"போட்டோ கிடையாது. உள்ள வந்து உட்கார்ந்து, பார்த்து வரைஞ்சுக்கோங்க."

"எனக்கு அவ்வளவா வரைய வராதே."

"பார்க்க வருமில்ல?"

முதலாளியிடம் சொல்லிவிட்டு அவன் உள்ளே வந்தான். மூலையில் இருந்த ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். காதைப் பார்த்தபடி கண்டத்தை வரைய முடியாது. அவன் அவளுடைய கண்ணையும் கன்னத்தையும் உதட்டோரத்தையும் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. முதலில் அவனுக்குத்தான் வியர்த்தது. போகப்போகப் பழகியது. நடுவில் ஒருமுறை, "இது நெத்தி வரைக்கும் போகுதா?" என்று சாதாரணமாகக் கேட்டான். அவளும் தலைமுடியை ஒதுக்கிச் சாதாரணமாகவே காட்டினாள். எழுந்தபோது அவன் என்னமோ சொல்ல வந்தான். "மன்னிப்பு கின்னிப்பு வேண்டாம், போங்க. மெஷின் காயுது" என்றாள்.

படம் வெளிவந்தது. மூவரும் தங்கள் காசில் டிக்கெட் எடுத்துப் பகல் காட்சிக்குப் போனார்கள். நெட்டையின் முழங்கால் முன்வரிசைக்குள் இடித்தது. இடிபட முன்வரிசையில் ஆளில்லை. திரையில் லட்சணமான மூன்று பேர் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, எங்களை யாரும் நேசிக்கவில்லை என்று மாறி மாறிச் சொன்னார்கள். அவர்கள் போட்டிருந்த சட்டையைப் பார்த்தால் அட்லஸின் அண்ணன் மாதிரி ஆட்கள்கூட வரிசையில் நின்று நேசிப்பார்கள் என்று தோன்றியது. கதாநாயகியின் கன்னத்துத் திட்டு காட்சிக்குக் காட்சி இடம் மாறியது. கல்லறையில் இடது கன்னத்தில் இருந்தது, மொட்டை மாடியில் வலது கன்னத்துக்கு வந்துவிட்டது.

"நடமாடும் கண்டம்" என்றாள் அட்லஸ்.

"க… கப்பல்ல போ… போயிருக்கும்" என்றான் ரேடியோ.

இடைவேளையில் வெளியே வந்தபோது தூணோரம் இயக்குநர் நின்றிருந்தார். கறுப்புச் சட்டை கசங்கியிருந்தது. டிரைவரைக் காணோம். வெளியே வருகிற நாலைந்து பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர்களைக் கண்டதும் கிட்டே வந்துவிட்டார்.

"வந்தீங்களா? எப்படி இருக்கு?"

அட்லஸிடம் பதில்கள் நிறைய இருந்தன. அவள் வாயைத் திறப்பதற்குள் ரேடியோ ஆரம்பித்துவிட்டான்.

"அ… அந்த…"

"அந்த மாடி சீன்தானே? நல்லா இருக்கில்ல?" என்றார் இயக்குநர்.

ரேடியோ தலையை ஆட்டி மறுத்து, திரும்ப ஆரம்பித்தான். "அ… அந்தப்…"

"அந்தப் பாட்டு?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றாள் அட்லஸ். "அவன் முடிக்கட்டும்."

இரண்டாம் பாதிக்கான மணி அடித்தது. உள்ளே போகிறவர்கள் போனார்கள். இயக்குநர் நின்றார், போக இடமில்லாதவர் மாதிரி நின்றார். ரேடியோ அவசரப்படவில்லை.

"அ… அந்தப் பொண்ணுக்கு… தி… திட்டு… இ… இடம் மாறுது."

"எங்க?" என்றார் இயக்குநர். அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. மூவர் முகத்தையும் பார்த்தார். பிறகு அட்லஸின் கன்னத்தை, படம் எடுத்து முடித்துவிட்ட பிறகு, முதல் தடவையாகக் கூர்ந்து பார்த்தார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடினார்.

நெட்டைக்கு டிக்கெட் வாங்கியாயிற்றே என்ற கவலை. மீதியையும் பார்த்தே தீருவேன் என்று குனிந்து இருட்டுக்குள் போய்விட்டான். மற்ற இருவரும் எதிரே இருந்த கடையில் டீ சொல்லி, யார் பக்கம் வெயில் என்று சண்டை போட்டு, இடம் மாற்றி உட்கார்ந்தார்கள். இரண்டாவது டீயும் ஆறிக்கொண்டிருந்தபோது நெட்டை கண்ணைக் கசக்கியபடி தெருவைக் கடந்து வந்தான்.

"என்ன ஆச்சு?" என்றாள் அவள்.

"எல்லாரும் செத்துட்டாங்க."

"சே… சேர்ந்தா?" என்றான் ரேடியோ.

"இல்ல. தனித்தனியா."

"பின்ன, அவருக்கு வேற எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அட்லஸ் அவனுக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்தாள்.